வீட் திட்டத்தில் சூழல் மாறிகளைத் தானாகச் செருகும் பிளகின்: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் கடைகளுக்கு இணையத்தளம் கட்டித் தரும் வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள், சூழல் மாறி (நிரலுக்கு வெளியே வைத்து, ஓடும் இடத்துக்கேற்ப மாற்றும் மதிப்பு) என்றதும் முதலில் பிளகினை (கருவியோடு சேர்க்கும் துணை நிரலை) நிறுவிவிடுகிறார்கள். இரண்டு மாறிகள் வேலை செய்யும், மூன்றாவது வராது. அதன்பின் இரவெல்லாம் அமைப்புக் கோப்பைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். பிளகினில் கோளாறு இருப்பது மிக அரிது. அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய வேலைகள்தாம் அரைகுறையாகக் கிடக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் பிளகின் ஐந்தாம் படியில்தான் வருகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தளத்தை வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கத்துக் கடை ஒன்று பனங்கட்டி, புழுக்கொடியல், மிளகாய்த்தூள் விற்கிறது. ஊருக்குள்ளிருந்தும் கனடாவிலிருந்தும் ஓர்டர் வருகிறது. தளம் ரியாக்டில் எழுதியது, வீட் என்ற கருவி கொண்டு பில்ட் ஆகிறது (அதாவது நிரல் உலாவிக்கான கோப்புகளாகக் கட்டப்படுகிறது), பணம் பேஹியர் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாக வருகிறது. நாம் அமைக்கப்போகும் பிளகின் ‘வீட்-பிளகின்-என்விரான்மென்ட்’.

மாறிகள், கோப்புகளின் பெயர்களைக் கீழே ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மாறிகளின் பெயர்கள் முழுவதும் பெரிய எழுத்து.

1. பிளகின் தேவையா என்று பாருங்கள்

வீட் கருவிக்குச் சொந்தமாகவே சூழல் மாறி வசதி உண்டு. ‘இம்போர்ட்.மெட்டா.என்வ்’ என்று எழுதி மாறியின் பெயரைச் சேர்த்தால் மதிப்பு கிடைத்துவிடும். இன்று புதிதாகத் தொடங்கும் திட்டத்துக்கு அதுவே போதும். பிளகின் வீண் சுமை.

பிளகின் பயன்படும் இடம் வேறு. ரியாக்ட் திட்டங்களைத் தொடங்க உதவிய கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவி 2025இல் கைவிடப்பட்ட பிறகு பழைய திட்டங்கள் பல வீட்டுக்கு மாறுகின்றன. அவற்றில் ‘பிராசஸ்.என்வ்’ என்ற எழுத்துமுறை நூறு இடத்தில் இருக்கும். உலாவியில் ‘பிராசஸ்’ என்று ஒரு பொருளே இல்லாததால் திரை வெள்ளையாக நிற்கும். கன்சோலில் ‘பிராசஸ்’ வரையறுக்கப்படவில்லை என்ற சிவப்பு வரி வரும். பிளகின் செய்வது இவ்வளவுதான்: பில்ட் ஆகும்போது ‘பிராசஸ்.என்வ்’ வரும் இடங்களில் உண்மையான மதிப்பை வைத்து எழுதிவிடும். சேவையகத்திலும் உலாவியிலும் பொதுவாக ஓடும் நிரல் இருந்தாலும் இது கைகொடுக்கும்.

வீட் எதன் மேல் ஓடுகிறதோ அந்த நோட் மென்பொருளின் பதிப்பையும் இப்போதே பாருங்கள். வீட் 7க்கு நோட் 20.19 அல்லது 22.12 ஆவது வேண்டும். பழைய நோட்டில் வரும் பிழைச் செய்தி சூழல் மாறியைப் பற்றியதுபோல் இராது. காரணத்தைத் தேடித் திசைமாறிப் போவீர்கள்.

2. வெளியே தெரியலாமா, கூடாதா: காகிதத்தில் பிரியுங்கள்

இதுதான் முதன்மையான படி. கணினியைத் தொடாமல் ஒரு தாளில் எல்லா மதிப்புகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘வெளி’ அல்லது ‘உள்’ என்று குறியுங்கள்.

காரணம் எளிது. பிளகின் செருகும் மதிப்பு ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் எழுத்தாகப் பதிந்துவிடுகிறது. அந்தக் கோப்பை வாடிக்கையாளரின் உலாவி பதிவிறக்குகிறது. உலாவியின் மூலநிரல் பக்கத்தைத் திறந்து தேடத் தெரிந்த எவரும் அதை வாசிக்கலாம். சூழல் மாறி என்ற பெயரைக் கேட்டதும் அது ஏதோ பூட்டிய பெட்டி என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. உலாவிப் பக்கத்தில் அப்படி ஒரு பெட்டியே கிடையாது.

நம் கடையின் பட்டியலில் கடைப்பெயர், ஏபிஐ முகவரி (தளம் சேவையகத்தோடு பேசும் முகவரி), தளத்தின் நிறம், பேஹியர் வணிகர் எண் ஆகியவை ‘வெளி’. பேஹியர் வணிகர் இரகசியம், தரவுத்தளக் கடவுச்சொல், மின்னஞ்சல் அனுப்பும் கணக்கின் கடவுச்சொல் ஆகியவை ‘உள்’.

பேஹியரில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். வணிகர் எண்ணும் வணிகர் இரகசியமும் அருகருகே தரப்படுவதால் இரண்டையும் ஒரே கோப்பில், ஒரே முன்னொட்டுடன் ஒட்டிவிடுகிறார்கள். வணிகர் எண் பணம் செலுத்தும் படிவத்தோடு உலாவியிலிருந்தே போவது, தெரிந்தால் பாதகமில்லை. இரகசியம் அப்படியல்ல. வணிகர் எண், ஓர்டர் எண், தொகை, நாணயம் ஆகியவற்றோடு இந்த இரகசியத்தையும் சேர்த்துத்தான் ஒப்பச் சரம் (கோரிக்கை உண்மையானதா என்று சரிபார்க்கும் எழுத்துத் தொடர்) கணிக்கப்படுகிறது. இரகசியம் வெளியே போனால் எவரும் தொகையை மாற்றி, புதுச் சரம் கணித்து, நூறு ரூபாய் கட்டிவிட்டு ஐயாயிரம் ரூபாய்ப் பொருளைக் கேட்கலாம். எனவே சரத்தைக் கணிக்கும் வேலை முழுவதும் சேவையகத்தில்தான் நடக்க வேண்டும். வணிகர் இரகசியம் இந்தப் பிளகினின் கண்ணில் படவே கூடாது.

பேஹியரின் சோதனைத் தளத்துக்கு வேறு கணக்கு, வேறு எண், வேறு இரகசியம். ஆகையால் தாளில் இன்னொரு நெடுவரிசையும் போடுங்கள்: இந்த மதிப்பு சோதனைக்கும் நேரடித் தளத்துக்கும் ஒன்றா, வேறா? பணம் செலுத்தியதை அறிவிக்க பேஹியர் அழைக்கும் முகவரியும் அந்த வகைதான். உங்கள் மடிக்கணினியின் லோக்கல்ஹோஸ்ட் முகவரியை வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாது. அதைக் கொடுத்துவிட்டு அறிவிப்பு வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

3. பெயரைப் பார்த்ததும் தரம் தெரியட்டும்

‘வெளி’ என்று குறித்தவற்றுக்கெல்லாம் ‘வீட்_’ என்ற முன்னொட்டைக் கொடுங்கள்: வீட்_ஷாப்_நேம், வீட்_ஏபிஐ_யூஆர்எல் என்பதுபோல. ‘உள்’ என்பவற்றுக்கு அந்த முன்னொட்டு வரவே கூடாது.

பட்டியலை நாமே எழுதிக் கொடுப்பதால் பிளகினுக்கு இந்த முன்னொட்டு தேவையில்லை. இருந்தாலும் வைக்கச் சொல்கிறேன். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்தக் கோப்பைத் திறந்தாலும், எது வெளியே போகிறது என்பது முதல் பார்வையிலேயே அவருக்குத் தெரியும். நாளை பிளகினைக் கழற்றிவிட்டு வீட்டின் சொந்த வசதிக்கு மாறினாலும் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை.

வீட்டின் சொந்த வசதி ‘வீட்_’ என்று தொடங்கும் மாறிகளை மட்டுமே உலாவிக்குத் தரும். மதிப்பு வரவில்லை என்றதும் சிலர் இந்த முன்னொட்டு விதியையே தூக்கிவிடப் பார்க்கிறார்கள். வீட்டின் ‘என்வ்பிரிஃபிக்ஸ்’ அமைப்பை வெறுமையாக்கினால் அது பிழை காட்டி நின்றுவிடும். உங்களைக் காப்பாற்றவே அந்தத் தடை.

4. மதிப்புகளைக் கோப்பில் எழுதுதல்

கோப்புகள் நான்கு வகை. ‘.என்வ்’ எப்போதும் வாசிக்கப்படும். ‘.என்வ்.லோக்கல்’ என்பதும் எப்போதும் வாசிக்கப்படும், ஆனால் உங்கள் கணினிக்கு மட்டும் உரியது. ‘.என்வ்.டெவலப்மென்ட்’, ‘.என்வ்.புரொடக்சன்’ போன்றவை அந்தந்த முறைமையில் (மேம்பாடு, வெளியீடு போன்ற ஓட்ட நிலையில்) ஓடும்போது மட்டும். அவற்றின் பின்னாலும் ‘.லோக்கல்’ சேர்க்கலாம். ஒரே மாறி இரண்டு கோப்பில் இருந்தால் முறைமையின் பெயர் தாங்கிய கோப்பு வெல்லும். முறைமைக்கே ‘லோக்கல்’ என்று பெயர் வைக்க வீட் விடாது.

கோப்புகள் திட்டத்தின் மேல்மட்டக் கோப்புறையில் இருக்க வேண்டும். மூலநிரல் கோப்புறைக்குள் வைத்தால் வீட் தேடாது, பிழையும் காட்டாது. விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கிறவர்கள் கோப்பின் முழுப் பெயரைக் கவனியுங்கள். பின்னொட்டு மறைந்திருக்கும் கணினியில் ‘.என்வ்’ என்று தெரிவது உண்மையில் ‘.என்வ்.டிஎக்ஸ்டி’யாக இருக்கும்.

இனி எழுதும் முறை. வரிக்கு ஒரு மாறி, நடுவே சமக்குறி. மேலுக்கு இவ்வளவு எளிதாகத் தெரிவதால்தான் இங்கே மூன்று பொறிகள் கண்ணில் படுவதில்லை.

முதலாவது # குறி. கடைக்காரர் தமது பெயர்ப்பலகையின் கருஞ்சிவப்பே தளத்திலும் வேண்டும் என்கிறார். வீட்_தீம்=#800000 என்று எழுதுகிறீர்கள். பக்கத்தின் தலைப்பட்டை நிறமே இல்லாமல் வருகிறது. வீட் 4 முதல், மேற்கோளுக்குள் இல்லாத # குறியிலிருந்து வரியின் மீதி முழுவதும் குறிப்புரையாகக் கொள்ளப்படுகிறது. மாறி இருக்கிறது, மதிப்புத்தான் வெறுமை. "#800000" என்று மேற்கோளுக்குள் எழுதினால் சரியாகிவிடும். வெறுமையான மதிப்பு என்பது ‘மாறி இல்லை’ என்பதிலிருந்து வேறு; அடுத்த படியில் இது மறுபடி வந்து தொல்லை தரும்.

இரண்டாவது $ குறி. கனடா வாடிக்கையாளருக்காக விலைக் குறிப்பில் டாலர் அடையாளம் போட்டால், அதற்குப் பின்னால் வருவதை இன்னொரு மாறியின் பெயர் என்று வீட் எடுத்துக்கொண்டு விரிக்கப் பார்க்கலாம். அப்படி ஒரு மாறி இல்லாவிட்டால் அந்தத் துண்டு காணாமல் போகும். குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. கடைப்பெயரைக் கடைக்காரர் வேர்ட் கோப்பில் அனுப்புவார். அது பாமினி எழுத்துருவில் இருக்கும். வேர்டில் அழகான தமிழாகத் தெரியும். கோப்பில் ஒட்டினால் ‘கடை’ இருந்த இடத்தில் எஃப், ஐ, எல் என்று மூன்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கிலம்தான். பிளகின் உள்ளே இருப்பதை அப்படியே செருகும். யூனிகோடுக்கு மாற்றி, கோப்பையும் யூடிஎஃப்-8 குறிமுறையில் சேமித்த பிறகே மேலே போங்கள்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பற்றியும் ஒரு சொல். வீட்டின் வார்ப்புருவோடு வரும் கிட் புறக்கணிப்புப் பட்டியலில் ‘.லோக்கல்’ என்று முடியும் கோப்புகள்தாம் இருக்கின்றன. வெறும் ‘.என்வ்’ அதில் இல்லை. எல்லாவற்றையும் அதில் எழுதிவிட்டுக் களஞ்சியத்தைப் பொதுவில் திறந்து வைத்தவர்கள் எத்தனையோ பேர். ஏற்கெனவே கிட்டுக்குள் போய்விட்ட கோப்பைப் புறக்கணிப்புப் பட்டியலில் பின்னர் சேர்ப்பதால் பயனில்லை. கண்காணிப்பிலிருந்து நீக்க வேண்டும். நீக்கினாலும் பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். இரகசியம் ஒருமுறை ஏறிவிட்டால் அதை மாற்றுவதே வழி. அழித்துவிட்டேன் என்று நிம்மதியடையாதீர்கள்.

5. இப்போது பிளகின்

என்பிஎம் வழியாக, மேம்பாட்டுச் சார்பாக நிறுவுங்கள். பில்ட் நேரத்தில் மட்டும் தேவைப்படுவதால் முதன்மைச் சார்பில் சேர்க்க வேண்டாம். பிறகு ‘வீட்.கான்ஃபிக்’ கோப்பின் மேலே அதை இறக்குமதி செய்து, ‘பிளகின்ஸ்’ பட்டியலில் ரியாக்ட் பிளகினுக்குப் பக்கத்தில் அழையுங்கள்.

மாறிகளைக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. பெயர்களை மட்டும் சதுர அடைப்புக்குள் அடுக்கலாம். பெயரும் இயல்பு மதிப்புமாகச் சுருள் அடைப்புக்குள் தரலாம். இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மாறிக்கும் ‘இல்லாவிட்டால் என்ன செய்வது’ என்று இப்போதே முடிவெடுக்க வைத்துவிடும்.

என்விரான்மென்ட்பிளகின்({
  வீட்_ஷாப்_நேம்: அன்டிஃபைன்ட்,
  வீட்_ஏபிஐ_யூஆர்எல்: அன்டிஃபைன்ட்,
  வீட்_தீம்: '#800000',
  வீட்_நோட்டீஸ்: நல்
})

‘அன்டிஃபைன்ட்’ என்றால் கட்டாயம்: மாறி கிடைக்காவிட்டால் பிளகின் பிழை காட்டி வேலையை நிறுத்திவிடும். ‘நல்’ என்றால் விருப்பம்: இல்லாவிட்டாலும் போகும். எழுத்து மதிப்பு கொடுத்தால், மாறி இல்லாதபோது அது நிற்கும்.

ஏபிஐ முகவரிக்கு இயல்பு மதிப்பாக லோக்கல்ஹோஸ்ட்டைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்கள் கணினியில் எல்லாம் சுகமாக ஓடும். நேரடித் தளத்துக்கு மாறியை வைக்க மறந்தாலும் பில்ட் புன்னகையோடு முடியும். வாடிக்கையாளரின் கைப்பேசி தன்னிடமே ஓர்டரை அனுப்பப் பார்க்கும். பில்ட் நின்றுபோவது நல்லது. நின்றுபோவதற்காகத்தான் இந்தப் பிளகினை வைத்திருக்கிறோம்.

அந்தக் காவலுக்கும் ஓர் ஓட்டை உண்டு. மாறி இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். வெறுமையா என்று பார்க்காது. # குறிப் பொறியில் அகப்பட்ட நிற மாறி, இருக்கிறது ஆனால் வெறுமை என்ற நிலையில் காவலைத் தாண்டி உள்ளே வந்துவிடும். இயல்பு மதிப்பும் வராது. தலைப்பட்டை நிறமற்றுப் போனதன் மீதிக் கதை இது.

எல்லா மாறிகளையும் ஒரே சொல்லில் எடுத்துக்கொள்ளும் ‘ஆல்’ வசதியும் உண்டு. பழைய திட்டத்தை மாற்றும்போது ‘ரியாக்ட்_ஆப்_’ என்ற முன்னொட்டோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். முன்னொட்டு இல்லாமல் பயன்படுத்தாதீர்கள். எது வெளியே போகிறது என்பதை நீங்கள் எழுதிய பட்டியல் தீர்மானிக்கட்டும்.

அமைப்புக் கோப்புக்குள்ளேயே ஒரு மாறி வேண்டுமென்றால், உதாரணமாக மேம்பாட்டுச் சேவையகத்தின் துறை எண், ‘.என்வ்’ கோப்பின் மதிப்பு அங்கே தானாக வந்திருக்காது. வீட் தரும் ‘லோட்என்வ்’ செயற்கூற்றை அழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

6. நிரலில் முழுப் பெயரையும் எழுதுங்கள்

பிளகின் செய்வது தேடி மாற்றும் வேலை. ‘பிராசஸ்.என்வ்.வீட்_ஷாப்_நேம்’ என்று முழுதாக எழுதிய இடத்தை அது அடையாளம் காணும். ‘பிராசஸ்.என்வ்’ என்பதைச் சுருள் அடைப்பால் பிரித்து எடுத்தாலோ, பெயரை இன்னொரு மாறியில் வைத்துச் சதுர அடைப்பால் கேட்டாலோ, மாற்றுவதற்கு அங்கே எதுவும் கிடைக்காது. பழைய நிரலில் இந்த இரு வடிவங்களையும் தேடித் திருத்துங்கள். வீட்டுக்கு மாறும் வேலையில் நேரத்தை விழுங்குவது இதுதான்.

‘.என்வ்’ கோப்பிலிருந்து வரும் மதிப்பு எதுவும் எழுத்துச் சரம்தான். நல்லூர்த் திருவிழா நாள்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும். ‘டெலிவரி தாமதமாகலாம்’ என்ற அறிவிப்பைக் காட்ட ஒரு மாறியை ‘ட்ரூ’ என்று வைக்கிறீர்கள். திருவிழா முடிந்து ‘ஃபால்ஸ்’ ஆக்குகிறீர்கள். அறிவிப்பு போகாது. ‘ஃபால்ஸ்’ என்ற எழுத்துச் சரம் வெறுமையானதல்ல. ஜாவாஸ்கிரிப்டுக்கு அது உண்மை. ‘ட்ரூ’ என்ற சரத்துக்குச் சமமா என்று ஒப்பிட்டே கேளுங்கள். டெலிவரிக் கட்டணம் போன்ற எண்களை எண்ணாக மாற்றிய பின்னரே கூட்டுங்கள். இல்லாவிட்டால் 1500உம் 350உம் சேர்ந்து 1500350 ஆகும்.

7. ஓடவிட்டுப் பார்த்தல்

மேம்பாட்டுச் சேவையகத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். சூழல் கோப்புகள் தொடக்கத்தில் வாசிக்கப்படுபவை. தானாக மாறும் என்று காத்திருப்பதைவிட நிறுத்தித் தொடங்குவது ஐயத்துக்கு இடம் வைக்காது.

“அண்ணா, கோப்பில் மாற்றிவிட்டேன், மறுபடியும் தொடங்கிவிட்டேன், பழைய மதிப்பே வருகிறது” என்று கேட்காத மாணவர் இல்லை. அப்போது பார்க்க வேண்டியது கட்டளைகளைத் தட்டும் முனையத்தை. முன்பு எப்போதோ சோதனைக்காக அந்த மாறியை முனையத்தில் நேரடியாக வைத்திருப்பார்கள். வீட் தொடங்கும்போது ஏற்கெனவே இருக்கும் மாறியை எந்தக் கோப்பும் வெல்லாது. புதிய முனையம் ஒன்றைத் திறந்து ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

இதே காரணத்தால் எதிர்த்திசையிலும் குழப்பம் வரும். மின்சாரம் நின்று மேசைக் கணினி அணைந்து எழுந்தால் முனையத்தில் வைத்தவை எல்லாம் போய்விடும். நேற்று ஓடியது இன்று ஓடாது. நிலைத்திருக்க வேண்டிய எதையும் கோப்பில் எழுதுங்கள்.

8. பில்ட்டும் பதிவேற்றமும்

பில்ட் கட்டளை இயல்பாக ‘புரொடக்சன்’ முறைமையில் ஓடும். சோதனைத் தளத்துக்குத் தனி மதிப்புகள் வேண்டுமானால் கட்டளையோடு முறைமையின் பெயரைக் கொடுத்து, அதே பெயரில் ஒரு ‘.என்வ்’ கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பில்ட் முடிந்ததும் பதிவேற்றுவதற்கு முன் ‘டிஸ்ட்’ கோப்புறையைத் திறந்து இரண்டு தேடல்கள் செய்யுங்கள். வணிகர் இரகசியத்தின் முதல் சில எழுத்துகளைத் தேடுங்கள்: ஓரிடத்திலும் வரக்கூடாது. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தேடுங்கள்: உங்கள் ஏபிஐ முகவரியாக அது வரக்கூடாது. நூலகங்களின் நிரலில் அந்தச் சொல் இருக்கலாம் என்பதால் வரியைப் படித்துப் பாருங்கள். இதைத் தவிர்க்க எந்தச் சாக்கும் ஏற்க முடியாது.

வெர்செல், நெட்லிஃபை போன்ற இடங்களில் பில்ட் அங்கேயே நடப்பதால் மாறிகளை அவற்றின் அமைப்புப் பக்கத்தில் முன்கூட்டியே வையுங்கள். பில்ட் முடிந்தபின் வைத்தால் அடுத்த பில்ட்டில்தான் அது தெரியும். சீபேனல் உள்ள பகிர்வுச் சேவையகத்துக்கு ‘டிஸ்ட்’ கோப்புறையை மட்டும் ஏற்றுகிறவர்கள் அங்கே சூழல் மாறி வைப்பதில் பொருளே இல்லை. மதிப்பு உங்கள் கணினியிலேயே பதிந்துவிட்டது; சேவையகம் வெறும் கோப்பைத்தான் பரிமாறுகிறது. ‘.என்வ்’ கோப்பையும் சேர்த்துப் பொதுக் கோப்புறைக்குள் ஏற்றிவிட்டால், முகவரியைத் தட்டும் எவருக்கும் அது திறந்து கிடக்கும்.

ஆகவே அடிக்கடி மாறுகிறவற்றை இந்த வழியில் வைக்காதீர்கள். ஏபிஐ முகவரி வருடத்துக்கு ஒருமுறை மாறலாம். அது சூழல் மாறி. பனங்கட்டி விலை, திருவிழா அறிவிப்பு, டெலிவரிக் கட்டணம் ஆகியவை கடைக்காரர் நினைத்த நேரத்தில் மாற்ற வேண்டியவை. அவற்றைத் தரவுத்தளத்தில் வைத்து ஏபிஐ வழியாகக் கொடுங்கள். இல்லையென்றால் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் காலை ஆறு மணிக்கு அவர் உங்களுக்குத்தான் தொலைபேசி எடுப்பார்.